மூன்றாம் பக்கத்தில் சாகும் அம்மா

பதினெட்டு வருடமாக அவள் ஒரு சிறுவர் நூல் பதிப்பகத்தில் பிழை திருத்துகிறாள். அவள் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தால் எழுத்தாளர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். அன்று மேசைக்கு வந்தது இன்னொரு சாகச நாவல். மூன்றாம் பக்கத்திலேயே கதாநாயகியின் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"இந்த வருஷம் இது பதினாலாவது அம்மா! அம்மாவைக் கொல்லாம ஒரு பிள்ளைகூட வாசப்படி தாண்டாதா?" என்று பக்கம் வடிவமைப்பவரிடம் எரிந்து விழுந்தாள்.

"அம்மா இருந்தா விடமாட்டாங்களேக்கா, கதை எப்படி நகரும்?" என்றார் அவர். "ஒற்றன் கதைதானே? நல்லாயிருக்கா?"

"ஒற்றன் பக்கத்துக்குப் பக்கம் வர்றான். ஒற்றுதான் ஒண்ணுகூட வரல."

அவள் அடித்தால் அடித்ததுதான். தவறாகக் கோடு போட்டு அடித்த சொல்லை மீட்க, அதன் அடியில் புள்ளி வரிசை வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவது தொழில் வழக்கம். அந்தக் குறி அவள் கையிலிருந்து விழுந்து யாரும் பார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பதின்மூன்று வயது மகள் ஒரு படிவத்தை நீட்டினாள். நான்கு நாள் மலையேற்ற முகாம். படிவம் கொடுக்க மறுநாள் காலைதான் கடைசி. 'நான் தனியாக வருகிறேன்' என்று அவளே நிரப்பியிருந்தாள்.

அம்மாவின் கை தானாகப் பேனாவைத் தேடியது. 'தனியாக' மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் 'அம்மாவுடன்'.

"அம்மா! இது உன் ஆபீஸ் தாள் இல்ல!"

"வழுக்கி விழுந்தா யாருடி தூக்குவா?"

"நீ கொண்டுவர்ற கதையைப் படிச்சுத்தான் எனக்கு இந்த ஆசையே வந்துச்சு." மகளுக்குக் குரல் உடைந்தது. "அந்தப் பொண்ணுங்களுக்கெல்லாம் அம்மா இல்ல. எனக்கு நீ இருக்கே. இருந்துக்கிட்டே அனுப்ப மாட்டியா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகாம்காரர்கள் மேல், பதினாலு எழுத்தாளர்கள் மேல், எல்லாவற்றையும் விடத் தன் மேல். பயமாகவும் இருந்தது.

காலையில் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செருப்பு மாட்டினாள். படிவம் மேசையிலேயே கிடந்தது.

"நில்லுடி." 'அம்மாவுடன்' என்பதை அடித்தாள். 'தனியாக' அடியில் ஒவ்வொரு புள்ளியாக அழுத்தி வைத்தாள். ஓரத்தில் ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா இது, புள்ளி புள்ளியா?"

"ம்? போயிட்டு வான்னு அர்த்தம்," என்று எரிந்து விழுந்தாள்.