செவலைக்குப் பக்கத்தில் யார் நிற்பது

பிரபலமானவர்களைப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் போன பிறவியில் யாருக்கோ பெரும் கெடுதல் செய்திருக்க வேண்டும் என்பது கிறிஸ்டோபரின் முடிவு. சபைக்குப் போகிற குடும்பத்தில் போன பிறவிப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று மனைவி இவாஞ்சலின் கடிந்துகொள்வாள். ஒரு நாள் என்னோடு வந்து பார், நீயும் நம்புவாய் என்பார் இவர். போடி கடைவீதியில் இருபது வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தால் சொன்னபடி உட்காரும், சொன்னபடி எழுந்து போகும். பேரும் புகழும் உள்ள ஆசாமி வந்தால் அன்றைய பொழுது பாழ்.

கம்பத்துத் திராட்சைத் தோட்டத்துக்குப் படப்பிடிப்புக்காக வந்த நடிகர் ஒருவர், இடது கன்னத்தை மட்டும்தான் எடுக்கலாம் என்றார். இடது கன்னத்தில் வெயில் விழும்வரை கிறிஸ்டோபர் கொடிக்கடியில் குனிந்தபடி காத்திருந்தார். விழுந்த நேரம் பார்த்து நடிகருக்குப் பசி வந்துவிட்டது. சாப்பிட்டு, தூங்கி எழுந்து, தன் செல்போனில் தானே ஒரு படம் எடுத்துக்கொண்டு, இதுவே போதும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

இன்னொருவர் தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுகிற உள்ளூர்ப் பிரமுகர். கும்பிட்டபடி நிற்பாராம், ஆனால் மோதிரம் அத்தனையும் தெரிய வேண்டுமாம். நேரில் பார்த்தே இராத தலைவரின் கை தன் தோள்மேல் இருப்பதுபோல ஒட்டித் தரச் சொன்னார். ஒட்டிக் கொடுத்தாயிற்று. கட்சி மாறியதும் அந்தக் கையை வெட்டிவிட்டு வேறொரு கையை ஒட்டிக் கொடுத்தாயிற்று. மூன்றாவது கைக்கும் ஆள் வந்தபோது கிறிஸ்டோபர் ஷட்டரை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இவர்கள் எல்லாரும் பொட்டிப்புரம் செவலையிடம் பிச்சை வாங்க வேண்டும். செவலை ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. மூன்று வருடமாக எந்தத் திடலிலும் ஒருத்தன் கை அதன் திமிலில் நின்றதில்லை. கடமலைக்குண்டு முக்கில் அதற்குப் பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதன் வீடியோவைப் பார்க்காத இளவட்டம் இந்தப் பக்கம் கிடையாது.

பொங்கல் கழிந்த ஒரு நாள் செவலையின் சொந்தக்காரர் வேலுச்சாமி போன் போட்டார். இந்த வருட ஜல்லிக்கட்டுக்குக் கம்ப்யூட்டரில் பதிய அன்று சாயங்காலத்தோடு முடிகிறதாம். மாடும் சொந்தக்காரரும் ஒரே படத்தில் முகம் தெரிய நிற்க வேண்டுமாம். செவலைக்கு வயதாகிவிட்டது, அடுத்த வருடம் மாட்டு டாக்டர் சான்று தரமாட்டார். இதுவரை ஊர்ப் பெயரில் அவிழ்த்த மாடு, கடைசித் தடவையாவது பொட்டிப்புரம் வேலுச்சாமி மாடு என்று மைக்கில் சொல்லிக் கேட்டுவிட வேண்டும் என்று அவர் குரல் தழுதழுத்தது. கிறிஸ்டோபருக்கு மனசு இளகிவிட்டது. அவர் செய்த தப்பு அதுதான்.

போய்ப் பார்த்தால் வேலுச்சாமி மீசைக்கு மை அடித்து, சலவைச் சட்டையில் தயாராக நிற்கிறார். செவலை தயாராக இல்லை. அவர் ஓரடி வைத்ததும் தலையைத் தாழ்த்தி ஒரு சீறல். வேலுச்சாமி வைக்கோல் படப்புக்குப் பின்னால் இருந்தார். பருத்திக்கொட்டை காட்டினார்கள், அகத்திக்கீரை காட்டினார்கள். தின்றுவிட்டு மறுபடியும் சீறியது. வேடிக்கை பார்த்தவர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மாட்டுக்கு இவரைப் பிடிக்கவில்லை என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கேமராவைத் தரையில் போட்டு உடைக்கலாமா என்று கிறிஸ்டோபருக்கு வந்தது.

அப்போது வேலுச்சாமியின் மனைவி மொக்கம்மாள் தண்ணீர் வாளியோடு வந்தாள். கன்றாக வந்த நாளிலிருந்து அதைக் குளிப்பாட்டி, நீச்சல் அடிக்கவிட்டு, மண் குத்தப் பழக்கியதெல்லாம் அவள்தான். ஏலே, என்னடா வந்துச்சு உனக்கு என்று கேட்டபடி கொம்பைப் பிடித்தாள். செவலை பச்சைப்பிள்ளையாக நின்று அவள் முழங்கையை நக்கியது. கிறிஸ்டோபர் கேட்காமலே ஒரு படம் எடுத்துவிட்டார். படத்தில் மாட்டு முகமும் அவள் முகமும் நேராக, தெளிவாக விழுந்திருந்தன. தலைகூடச் சீவவில்லை, சேலையெல்லாம் சாணி, அதை அழித்துவிடுங்கள் என்று அவள் பதறினாள்.

வேலுச்சாமி படத்தை உற்றுப் பார்த்தார்.

"மாடு நல்லா விழுந்திருக்கு தம்பி. இவள வெட்டிட்டு என்னைய ஒட்டிருங்க."

மொக்கம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஒட்டுவது கிறிஸ்டோபருக்குப் பழகிப்போன வேலை, பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த முதுகைப் பார்த்ததும் நடிகரின் கன்னமும் பிரமுகரின் மோதிரங்களும் சேர்ந்து அவர் தொண்டைக்கு வந்தன.

"ஒட்டித் தாரேண்ணே. படத்துல இருக்கிறவுகதான் வாடிவாசல்ல கயித்தப் பிடிச்சு நிக்கணுமாம். நீங்க பிடிப்பீகளா?"

வேலுச்சாமி மாட்டைப் பார்த்தார். மாடும் அவரைப் பார்த்தது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, சரி, அவள் பெயரையே போடுங்கள் என்று எங்கோ பார்த்தபடி சொன்னார். என் பெயர் எதற்கு, ஊர் சிரிக்கும் என்று மொக்கம்மாள் மறுக்க மறுக்க, கிறிஸ்டோபர் செல்போனிலேயே பதிந்து அனுப்பிவிட்டார்.

ஜல்லிக்கட்டு அன்று மொக்கம்மாளை ஒரு நல்ல படம் எடுத்து ஸ்டுடியோ முகப்பில் மாட்டுவது என்ற தீர்மானத்தோடு கிறிஸ்டோபர் வாடிக்குப் பின்னால் இடம் பிடித்தார். அவள் கயிற்றைப் பிடித்து வரிசையில் நின்றாள். முறை வந்தது. அடுத்து வருவது பொட்டிப்புரம் மொக்கம்மாள் மாடு, தொட்டுப் பார் என்று மைக் அலறியது. கயிற்றை அறுத்ததும் செவலை பாய்ந்தது. தொட வந்தவர்கள் மண்ணைத்தான் கட்டிப்பிடித்தார்கள். மாடு பிடிபடவில்லை, மாட்டுக்காரி மொக்கம்மாள் வெற்றி என்று மைக் மறுபடியும் சொன்னது.

இதற்காகத்தானே காத்திருந்தோம் என்று கிறிஸ்டோபர் கேமராவை உயர்த்தினால், அவள் முந்தானையை முகம் முழுக்க மூடிக்கொண்டு நிற்கிறாள். இருபது வருட எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பியது. அக்கா, முந்தானையை எடுங்கள், ஒரே ஒரு படம் என்று தொண்டை கிழியக் கத்தினார். அவள் எடுக்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. கிட்டே போனபோது துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, மைக்குல எம்பேரத்தான சொன்னாக?"