தண்டு என்று சொன்னதால் வந்த பயம்

“...அதெல்லாம் சரிங்க சார், தண்டுல கை வச்சிட்டா அப்புறம் இவரு எப்படிக் கிளட்ச் மிதிப்பாரு? நிமிந்து உக்காரவே முடியாதே.”

கேட்டது என் தம்பி மனைவி. இரண்டு வருடத்துக்கு முன்னால், பெரம்பலூரில், சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோகும் ரத்தப் புற்றுநோய் டாக்டரின் அறையில். நோயாளி நான், அரியலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். கீமோ கொடுத்து நோயை அடக்கியிருந்தார்கள். அது திரும்பி வராமலிருக்க, எனக்குப் பொருந்துகிற ஒருவரின், ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல் வேண்டும் என்றார்கள். கல்லங்குறிச்சியில் இருக்கும் என் அண்ணனுக்குப் பொருந்தவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் தம்பிக்கு முழுசாகப் பொருந்தியது.

அவன் வீட்டுக்குப் போய், “அக்காவுக்கு என் தண்டு செல் வேணுமாம்” என்று மட்டும் சொல்லியிருக்கிறான். ஸ்டெம் என்றால் தண்டு, தப்பில்லை. ஆனால் மனுஷ உடம்பில் தண்டு என்றால் எங்கள் பக்கம் முதுகுத்தண்டுதான். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

“அண்ணி, ஒங்க உசுரும் வேணும், எங்க வூட்டு அடுப்பும் எரியணும். நான் எந்தப் பக்கம் பேசுறது?” என்று என்னிடமே கேட்டாள். அவள் வேண்டாம் என்றால் தம்பி வரமாட்டான். எனக்கோ வேறு ஆள் இல்லை.

அவளுடைய கிளட்ச் கேள்விக்கு டாக்டர் சிரிக்கவில்லை. “முதுகுப் பக்கமே போக மாட்டோம்மா. சில நாள் ஊசி போட்டா அந்த செல்லெல்லாம் ரத்தத்துக்கு வந்துரும். கை நரம்பு வழியா ரத்தத்தை மிஷினுக்கு விட்டு, அதை மட்டும் பிரிச்சுக்கிட்டு மீதியைத் திருப்பி ஏத்திருவோம். கொஞ்சம் உடம்பு வலிக்கும். எடுத்தது தானா வளந்துரும்.”

“தலைமுடி மாதிரிங்களா?”

“அதைவிட வேகமா.”

பிறகு சென்னையில் எல்லாம் நடந்தது. தம்பியின் செல்கள் ஒரு பையிலிருந்து எனக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கின. வாயெல்லாம் புண்ணாகி, யாரையும் பார்க்காமல் தனி அறையில் கிடந்து மீண்டு வந்தேன். தம்பி சீக்கிரமே லாரி ஏறிவிட்டான். இன்று என் ரத்த வகையே மாறி அவன் வகையாகிவிட்டது. “இப்ப நீங்களும் எம் புருஷன் மாதிரிதான் அண்ணி, சொன்னபடி கேக்கணும்” என்பாள் அவள். கேட்கிறேன்.

செல் கொடுத்தவன் தம்பி. ஆனாலும் உயிர் எப்போது திரும்பி வந்தது என்று கேட்டால், பெரம்பலூரின் அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன். டாக்டர் சொல்லி முடித்ததும் அவள் தம்பியின் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, அந்தக் கையைப் பிடித்து டாக்டரின் மேஜைமேல் வைத்தாள்.