"அளக்கறேன் ஆயா"

நான் அஞ்சாவது வரை படித்தவள். கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில், வேர்க்கடலை போடுகிற எங்கள் மல்லாட்டைக் கொல்லை. சில வருஷத்துக்கு முன் ரோடு போட வந்தவர்கள், "சும்மா அளக்கறோம்மா" என்று அதன் மேல் ட்ரோன் விட்டார்கள். கூச்சத்தில் நான் வாய் திறக்கவில்லை. பாதி நிலம் போய்விட்டது.

போன மாசம் மறுபடியும் ஒரு ட்ரோன். விழுப்புரம் காலேஜில் பாடம் நடத்துகிற, பக்கத்துக் கொல்லைக்காரர் மகள் விட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?"

"அளந்துக்கினு இருக்கேன் ஆயா."

அந்த ஒரு சொல் போதாதா? ட்ரோன் தாழ வந்ததும், முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியால் ஓங்கி அடித்தேன். வரப்பில் விழுந்து றெக்கை உடைந்தது.

அவள் திட்டவில்லை. தன் கொல்லையில் நட்டிருந்த கம்பத்தைக் காட்டினாள்.

"உங்க நெலத்த இல்ல ஆயா, எங்க ஹாம் ரேடியோ ஆன்டெனாவ அளக்கறேன். சிக்னல் எந்தப் பக்கம், எவ்ளோ ஒசரத்துல பலமா போவுதுன்னு ட்ரோன் சுத்திப் பாக்கும். புயல்ல போன் செத்துட்டா இதுலதான் உதவி கேக்கணும்."

எனக்கு உடம்பே கூசிப்போனது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"அத மொதல்லயே வந்து சொல்றதுக்கு இன்னா?"

"தப்புதான் ஆயா, மன்னிச்சிடுங்க."

உடைத்தவள் நான், மன்னிப்புக் கேட்டவள் அவள். நிலத்தை எடுத்தவர்களில் ஒருவர்கூட இன்றுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

ஆன்டெனா பற்றி எழுதியது சரியா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். நிலத்தைப் பற்றி எழுதியதைப் பார்க்க வேண்டாம், அது சரிதான்.