ரூபி வராத நாள்

அந்தக் குழந்தையைப் பள்ளிக்கு வராதே என்று சொன்னது நான்தான்.

இதை உங்களிடம் சொல்ல முடிகிறது... நீங்கள் என்னை அறியாதவர். அறிந்தவர்கள் இன்னும் என்னை நல்ல டீச்சர் என்றே சொல்கிறார்கள்.

ரூபிக்குப் பத்து வயது. பீகார்க் குடும்பம், அப்பாவுக்கு வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் போடும் வேலை. என் ஐந்தாம் வகுப்பில் விரல் மடக்காமல் கணக்குப் போடுகிறவள் அவள் ஒருத்திதான். தமிழில் வாய் ஓயாமல் பேசுவாள். புத்தகத்தைப் பிரித்தால் மட்டும் உதடுகள் ஒட்டிக்கொள்ளும்.

வாசிப்புத் திறனைச் சோதிக்கக் குழு வருகிறது என்றார்கள். அப்படிப்பட்ட நாளில் தடுமாறும் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிடுவது எங்களுக்குள் ஓசையில்லாத வழக்கம்.

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "ஏனுங்க டீச்சர், உங்க ஹிந்திக்காரக் கண்ணு நாளைக்கு வாயத் தொறந்தா நம்ம மானம் கப்பலேறிருமுங்க!"

நானும் சிரித்தேன். 'எல்லாக் குழந்தைகளையும் உள்ளடக்கிய கல்வி' என்ற பயிற்சியில் கவிதை வாசித்துக் கைதட்டல் வாங்கியவள் நான்!

மாலையில் ரூபியைத் தனியாக அழைத்தேன். "நாளைக்கு ஸ்கூல் லீவு கண்ணு."

"எல்லாருக்குமா டீச்சர்?"

"ஆமா."

குதித்துக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் குழு வந்தது. யாரும் எதிர்பாராமல் நர்சம்மாவும் வந்தார்... பத்து வயதுப் பிள்ளைகளுக்கான தடுப்பூசியோடு. தொண்டை அடைப்பான் வராமலிருக்கப் போடுவது.

"ரூபின்னு ஒரு பேரு பாக்கியிருக்குதுங்களே. பக்கத்துல ஊடுன்னா கூட்டியாரச் சொல்லுங்க டீச்சர்."

பக்கத்துத் தெருதான். ஆனால் அதிகாரி என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். வந்தால் அவள் கையிலும் புத்தகத்தைக் கொடுப்பாரே!

"சொந்த ஊருக்குப் போயிட்டாங்க. இனி வருவாங்களோ என்னமோ... தெரியலீங்க."

வடக்கத்திக் குடும்பங்கள் சொல்லாமல் போவது இங்கே புதிதல்ல. நம்பிவிட்டார். அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு விழுந்தது.

அடுத்த நாள் ரூபி வந்தாள். நர்சம்மாவின் எண் என் போனில் இருந்தது. நாளை சொல்லலாம்... திங்கட்கிழமை சொல்லலாம்... சொன்னால், ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாரே!

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்து வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பவில்லை.

அந்த ஒரு ஊசி அவளைக் காப்பாற்றியிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் தூங்கப் பார்த்தேன், தெரியுமா உங்களுக்கு?

ஆனால், நான் சொல்ல வந்தது அதுகூட இல்லை...

ஒரு மாதம் கழித்து அவள் அப்பா பள்ளிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"டீச்சர்ஜி, ஊசி போட்ட அன்னிக்கு பாப்பா வரல. ஸ்கூல் லீவுன்னு என்கிட்ட பொய் சொல்லிடுச்சு. பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரியும். அடிச்சேன். 'டீச்சர்தான் சொன்னாங்க'ன்னு அழுதுச்சு. அதுவும் பொய்னு இன்னொரு அடி..."

கைகளைக் கூப்பினார்.

"உங்க பேரையும் இழுத்துச்சு டீச்சர்ஜி. சின்னப் புள்ள... மன்னிச்சிடுங்க."

என் வாய் திறந்தது. இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு!

"பரவாயில்லீங்க" என்றேன்.