கைதட்டலை அறுக்காத பிளேயர்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைச் செசிலிதான் பார்த்துக்கொள்கிறாள். வயது நாற்பத்தொன்பது. பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். நடுவில் பதினேழு வருடம் பெய்ரூட்டில் ஒரு வயதான அம்மாளின் வீட்டில் வேலை செய்தாள். அங்கே உழைத்தது வீடாகவும், மகள் ஜெனிற்றாவின் படிப்பாகவும் கல்யாணமாகவும் மாறிவிட்டது. அவளுக்கென்று மிஞ்சியது அறுபத்து மூன்று சீடிகள்.

அந்த அம்மாள் கண் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. தினமும் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு சீடியைப் போட்டு, அது முடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். செசிலிக்கு அந்தப் பெட்டிகளின் மேல் தூசி தட்டுவது மட்டும்தான் வேலை. ஒரு நாள் அம்மாள் பக்கத்துக் கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். கால் வலித்ததால் உட்கார்ந்தேன் என்றுதான் செசிலி சொல்வாள்.

"மொத வருசம் ஒண்ணுமே வெளங்கல்லங்க. யாரோ பியானோவுல ஏறி எறங்குற மாதிரி இருக்கும். ஆனா அந்த ஒரு மணித்தியாலம் என்னைய யாரும் கூப்பிட மாட்டாங்க. அதுக்காகவே உக்காந்திருந்தேன்."

இரண்டாவது வருடம், துணி மடித்துக்கொண்டிருந்த கை, பாட்டில் ஓரிடம் வந்தபோது தானாக நின்றது. அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வந்ததும் சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு அவள் நாலு மணிக்குத் துணியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அம்மாளுக்குப் பார்வை மங்கிய கடைசி ஐந்து வருடமும் எந்த சீடியைப் போடுவது என்று முடிவு செய்தவள் செசிலிதான். சில நாள் மழையைப் பார்த்து முடிவு செய்வாள், சில நாள் அம்மாளின் முகத்தைப் பார்த்து.

அம்மாள் இறந்ததும் பிரான்சிலிருந்து மகன் வந்தார். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். செசிலி சீடிகளைக் கேட்டாள். அவர் சிரிக்காமல், எல்லாவற்றையும் இரண்டு அட்டைப் பெட்டிகளில் அடுக்கித் தந்தார். பிளேயரையும் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

ஊருக்கு வந்த பிறகு, பண்டாரவளையில் ஒரு ஹோட்டல் தன் மண்டபத்துச் சாமான்களை விற்றபோது பழைய அம்ப்ளிஃபயர் ஒன்றையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் வாங்கினாள். நல்ல சாமான்கள். ஜெனிற்றா வீட்டில் சும்மா கிடந்த டிவிடி பிளேயரை அதில் மாட்டினாள். பாட்டு வந்தது. ஆனால் டிவியைப் போட்டால்தான் எத்தனையாவது பாட்டு ஓடுகிறது என்று தெரியும். அதைக்கூடச் சமாளித்துக்கொண்டாள். சமாளிக்க முடியாதது இன்னொன்று. மண்டபத்தில் சனங்களுக்கு முன் வாசித்துப் பதிவு செய்த சீடிகள் அவளிடம் ஏழெட்டு இருந்தன. ஒரு துண்டு முடிந்து கைதட்டல் எழும்; அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த துண்டு தொடங்கிவிடும். டிவிடி பிளேயரில் கைதட்டல் நடுவிலேயே அறுந்தது. அரை செக்கன் ஒன்றுமே இருக்காது. பிறகு அறுந்த இடத்திலிருந்து மறுபடி வரும்.

"எல்லாப் பாட்டும் போன்லயே கெடைக்குதும்மா," என்றாள் ஜெனிற்றா.

"கெடைக்கும். எனக்கு இந்தத் தட்டுல உள்ளதுதான் வேணும். அங்க அந்தப் பொட்டியில இப்புடி வெட்டாது. சீடிக்குன்னே செஞ்ச பொட்டி அது."

அப்படித்தான், சீடி மட்டும் ஓடும் பிளேயர் ஒன்றைத் தேடுவது என்று முடிவாயிற்று.

கணவர் யாகோப்பு இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில், கொழுந்தை அரைக்கும் ரோதைகளுக்கு நடுவே முப்பத்தொரு வருடம் நின்றவர் அவர். செசிலி வெளிநாட்டில் இருந்த காலத்தில் மகளைக் குளிப்பாட்டிச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியவரும் அவர்தான். சீடிகளைப் பற்றி அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவள் பிளேயரைப் போட்டதும் எழுந்து வெளியே போய்விடுவார். கோழிக்கூட்டைத் திருத்துவார், அல்லது பீன்ஸ் கொடிக்குக் கம்பு நடுவார். செசிலி கூப்பிட்டதுமில்லை. கூப்பிட்டு அவர் வராமல் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பயம் அவளுக்கு இருந்தது.

ஒரு சனிக்கிழமை இருவரும் பதுளைக்குப் போனார்கள். பெட்டி கனமாக இருந்தால் தூக்க ஆள் வேண்டும் என்று யாகோப்பு தானாகவே கிளம்பினார். பஸாரில் சிதம்பரநாதனின் கடையில் வானொலியிலிருந்து வோஷிங் மெஷின் வரை எல்லாம் உண்டு. அவருடைய குடும்பம் தாத்தா காலத்திலிருந்து அங்கே வியாபாரம் செய்கிறது. செசிலி கேட்டதைக் கேட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சீடி மட்டும் ஓடுறதா? அத இப்ப யாரும்மா கேக்குறாங்க. இந்தா பாருங்க, இதுல ரேடியோ இருக்கு, புளூடூத் இருக்கு, பென் டிரைவ் போடலாம், சீடியும் ஓடும். ஸ்பீக்கரோட வருது."

"எங்கிட்ட அம்ப் இருக்குங்க. ஸ்பீக்கரும் இருக்கு. எனக்குப் பின்னால ரெண்டு வயர் குத்துற மாதிரி ஒரு பிளேயர் போதும்."

சிதம்பரநாதன் அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு கடையின் பின்பக்கத்தைப் பார்த்து, "பஹ்மா, இங்க ஒருத்தங்க உங்கட சாமானத்தத் தேடிக்கிட்டு வந்திருக்காங்க," என்றார்.

பின்பக்கத்தில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்துப் பழுது பார்ப்பவள் பஹ்மா. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பழைய ஒலிப்பெட்டி என்றால் அவளுக்கு உயிர். கொழும்பிலிருந்து கெட்டுப்போன பிளேயர்களை வாங்கி வந்து திருத்தி வைப்பாள். வாங்குவதற்கு ஆள்தான் குறைவு. செசிலி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "கைதட்டல் அறுபடுதா? நீங்க அதக் கவனிச்சிருக்கீங்களா?" என்றாள்.

"பதினேழு வருசம் கேட்டிருக்கேனே."

"அப்ப அடுத்த சனிக்கிழமை வாங்க அக்கா. ரெண்டு பிளேயர் தயார் பண்ணி வைக்கிறேன். நீங்க மூணு தட்டுக் கொண்டுவாங்க. ஒண்ணு கீறல் விழுந்தது, ஒண்ணு கம்ப்யூட்டர்ல கொப்பி பண்ணினது, ஒண்ணு அந்தக் கைதட்டல் தட்டு. பழைய பிளேயர் சிலது கொப்பித் தட்ட வாசிக்காது. கடையில நல்லாப் பாடி, வீட்டுக்குப் போனதும் பாடாட்டி என்னையத்தான் திட்டுவீங்க."

அடுத்த சனிக்கிழமை மேசையில் இரண்டு பிளேயர்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஒன்று ஜப்பானுடையது. பொன்னிற முகப்பு, பக்கங்களில் மரம், தூக்கினால் ஒரு அரிசி மூட்டையின் கனம். தட்டு வைக்கும் இழுப்பறை சத்தமில்லாமல் வெளியே வந்து நின்றது. மற்றது ஐரோப்பாவில் செய்தது. கறுப்பு, மெலிவு, ஓரத்தில் ஒரு கீறல். இழுப்பறை சற்றுத் தயங்கித்தான் திறந்தது. பெல்ட் புதிதாக மாற்றியிருப்பதாகவும் கொஞ்ச நாளில் பழகிவிடும் என்றும் பஹ்மா சொன்னாள்.

"ஜப்பான்காரன் நூறு வோல்ட். நம்ம கரண்டுல நேரா குத்தினா அன்னைக்கே எரிஞ்சிரும். அதுக்குத் தனியா ஒரு ட்ரான்ஸ்போமர் வேணும், நான் தாறேன். கறுப்பு நேராவே நம்ம கரண்டுல ஓடும். சத்தம்னு பாத்தா ஜப்பான்தான் ஒரு படி மேல. பொய் சொல்ல மாட்டேன்."

செசிலி ஒவ்வொன்றிலும் மூன்று தட்டுகளையும் போட்டாள். கீறல் தட்டை இரண்டும் தடங்கலில்லாமல் வாசித்தன. கொப்பித் தட்டைக் கறுப்பு முதல் தடவை மறுத்தது, இரண்டாம் தடவை ஏற்றது. கைதட்டல் இரண்டிலும் அறுபடவில்லை. அந்த இடம் வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சிதம்பரநாதன்கூட ஒரு வாடிக்கையாளரை நிறுத்திவைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

பஹ்மா சொன்னது சரி. ஜப்பானுடையதில் பியானோவின் கீழ்க்கட்டைகள் நிறைவாக இருந்தன. செசிலி கிட்டத்தட்ட அதையே வாங்கும் முடிவுக்கு வந்துவிட்டாள். கடைசியாக ஒரு தடவை, அம்மாளுக்குப் பிடித்த அந்தக் கீறல் தட்டை ஜப்பானுடையதில் வைத்து யாகோப்பை ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார வைத்தாள். மெல்லிய வயலின் ஒன்று மட்டும் வெகு நேரம் வாசிக்கும் தட்டு அது.

கொஞ்ச நேரம் கழித்து யாகோப்பு தலையை ஆட்டினார். "ம், நல்லாத்தான் இருக்கு."

செசிலி பிளேயரைப் பார்த்தாள். தட்டு உள்ளே போயிருந்தது. ஆனால் அவள் இன்னும் பட்டனை அழுத்தியிருக்கவில்லை.

அவள் பட்டனை அழுத்தினாள். வயலின் தொடங்கியது. யாகோப்பின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் பேசும்போதும் அவர் எப்போதும் அப்படித்தான் பார்ப்பார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்மேல் உள்ள பிரியத்தில் பார்க்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"பஹ்மா, நாங்க ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறோம்," என்றாள்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தேநீர் வந்த பிறகு செசிலி கேட்டாள்.

"எத்தன நாளா உங்களுக்குக் கேக்கல?"

யாகோப்பு கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தார். "பேச்சு கேக்குது. மூஞ்சியப் பாத்துப் பேசினா கேக்குது. குருவி கத்துறது, போன் அடிக்கிறது, அதெல்லாம் போயிருச்சு. அஞ்சாறு வருசம் இருக்கும். ரோதை சத்தம்தான். ஸ்டோர்ல எங்க செட்டுல எல்லாருக்கும் கொஞ்சங்கொஞ்சம் இருக்கு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அப்ப அங்க இருந்த. போன்ல சொல்லி என்னா செய்ய. வந்த பொறகு..." கோப்பையைத் தள்ளி வைத்தார். "நீ அந்தத் தட்டப் போட்டா உம் மூஞ்சி வேற மாதிரி ஆகிருது. அங்கயே திரும்பிப் போயிட்ட மாதிரி. எனக்கு அதுல என்னா இருக்குன்னு கேக்கவும் மாட்டேங்குது. சும்மா உக்காந்து உன்னையப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. அதான் வெளிய போயிருவேன்."

செசிலியின் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "அங்க இருக்கணும்னு ஒரு நாளும் நெனச்சதில்லங்க," என்றாள் கடைசியில். "அங்க இருந்தப்ப, இத நீங்களும் கேட்டா எப்புடி இருக்கும்னுதான் நெனப்பேன். அத எழுதத் தெரியல எனக்கு. போன்லயும் என்னா சொல்றது, இன்னைக்கு ஒரு பியானோ கேட்டேன்னா? நீங்க மகளுக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கிட்டு இருப்பீங்க."

யாகோப்பு சிரித்தார். 

கடைக்குத் திரும்பியதும் செசிலி நடந்ததைப் பஹ்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். காது குறைந்தவருக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டாள். பஹ்மா கறுப்புப் பிளேயரின் முகப்பைத் தொட்டுக் காட்டினாள். கீழ் மூலையில் ஒரு சின்ன ஓட்டையும் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழும் இருந்தன.

"இது ஹெட்போன் குத்துற இடம். சத்தத்தக் கூட்டிக் கொறைக்க இந்தக் குமிழ். ஜப்பான்ல இது இல்ல. உங்கட ஹோட்டல் அம்ப்லயும் இருக்காது. அதோட இதுல ஒரு விசயம் இருக்கு அக்கா. ஹெட்போன் குத்தினாலும் ஸ்பீக்கர் நிக்காது, ரெண்டும் ஒண்ணாப் பாடும். அவங்களுக்கு வேண்டிய சத்தத்துல அவங்க கேக்கலாம், உங்களுக்கு வேண்டிய சத்தத்துல நீங்க கேக்கலாம்."

தன் மேசை லாச்சியிலிருந்து பெரிய காது மூடியுள்ள ஹெட்போன் ஒன்றை எடுத்து யாகோப்பின் தலையில் மாட்டிவிட்டாள். செசிலி அதே வயலினைப் போட்டாள். பஹ்மா குமிழை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தாள். பாதிக்கு மேல் போனபோது யாகோப்பு கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அப்படியே அசையாமல் இருந்தார். இரண்டு நிமிடம் போயிருக்கும்.

"இதுல ஒருத்தன் மூச்சு விடுறான்," என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. சிதம்பரநாதன் கல்லாவிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"வாசிக்கிறவருதாங்க அது," என்றாள் செசிலி. அவர் கேட்க வேண்டுமென்று அவளும் சத்தமாகத்தான் சொன்னாள்.

கறுப்புப் பிளேயர்தான் பூனாகலைக்கு வந்தது. ஜப்பானுடையதை விட்டுவிட்டு வந்ததில் செசிலிக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அந்தக் கீழ்க்கட்டைகள் அடுத்த ஒரு மாதம் அவள் காதில் இருந்தன. புறப்படும்போது பஹ்மா மூன்று விஷயம் சொல்லியனுப்பினாள்: இடி இடித்தால் வயரைக் கழற்றிவிட வேண்டும், மிச்சமிருக்கிற காதும் போய்விடும் என்பதால் குமிழை ஒரு நாளும் முழுவதும் திருப்பக் கூடாது, முதலில் ஆஸ்பத்திரியில் காதைக் காட்ட வேண்டும்.

காட்டினார்கள். டாக்டர் சோதனை செய்துவிட்டு, போனது திரும்பாது, ஆனால் கருவி வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்றார். கருவி கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் யாகோப்பு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தட்டாக, அட்டைப் பெட்டியில் இருந்த வரிசைப்படியே கேட்டார். செசிலி பயந்தபடி அவருக்குப் பியானோ பிடிக்கவில்லை. அவள் மனதுக்காக அவர் பொய்யும் சொல்லவில்லை.

"ஏறி எறங்கிக்கிட்டே இருக்கு. எங்க போறான்னே தெரியல."

அவருக்குப் பிடித்தது நாற்பத்தோராவது தட்டு. லெபனான்காரர் ஒருவர் ஊத் என்ற நரம்பு வாத்தியத்தை வாசிக்க, பக்கத்தில் ஒருவர் தோல் வாத்தியம் ஒன்றை விரலால் தட்டிக்கொண்டே இருக்கும் தட்டு அது. அம்மாள் அதை வருடத்துக்கு ஒரு தடவைகூடப் போட்டதில்லை. செசிலிக்கும் அது ஒரே மாதிரி நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். யாகோப்புக்கு அந்தத் தாளம் நெஞ்சில் படுகிறதாம். காதுக் கருவி வந்த பிறகும் அதற்கு மட்டும் ஹெட்போனைத்தான் மாட்டுகிறார்.

இப்போது வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. ஞாயிறு செசிலியுடையது, புதன் யாகோப்புடையது. புதன்கிழமை பின்னேரம் அவள் பிள்ளைக் காம்பராவிலிருந்து, சேலையில் யாரோ ஒரு குழந்தை துப்பிய பருப்புக் கறையோடு வருவாள். நாற்பத்தோராவது தட்டு அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருக்கும். கை கால் கழுவிவிட்டு வந்து பக்கத்துக் கதிரையில் உட்காருவாள். அதில் மூன்றாவது துண்டு மட்டும் கொஞ்ச நாளாக அவளுக்கும் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.