வலை வந்த பிறகு குளிப்பு

அந்த மறதிநோய் இல்லத்தில் பாக்கியரத்தினம் குளித்து ஒன்பது நாளாகிவிட்டது. காலை ஏழு மணிக்கு வாளியைக் கண்டாலே கையை ஓங்குவார். சாப்பாட்டு மேசையில் மற்றவர்கள் கதிரையைத் தள்ளிப் போடத் தொடங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் குளிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகப் பொறுப்பாளர் தனஞ்சயன் சொல்லிவிட்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒரே மகள் கீர்த்தனி. அவளுக்கும் நிலாவெளி ஹோட்டலில் நாள் முழுக்க வேலை.

பராமரிப்பாளர் நஜ்முன் நிஸா கிண்ணியாக்காரி. குவைத்தில் பதினொரு வருடம் ஒரு கிழவியைப் பார்த்துவிட்டு வந்து, ஐம்பத்திரண்டு வயதில் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள். ஒரு மனுசன் மாட்டேன் என்றால் காரணம் இருக்கும், அவரால் சொல்ல ஏலாவிட்டால் நாம்தான் தேட வேண்டும் என்பது அவள் கட்சி. பாக்கியரத்தினத்தின் படிவத்தில் ‘தொழில்: மீன்பிடி’ என்று மட்டும் இருந்தது. கீர்த்தனிக்குப் போன் போட்டாள்.

“உங்கட அப்பா எத்தனை மணிக்குக் குளிப்பார்?”

“மணிக்கணக்கு இல்லை அக்கா. அப்பா கரைவலைச் சம்மாட்டி, வலையும் அவருடையது, இழுக்கிற ஆக்களும் அவற்ற ஆக்கள். வலை கரையேறாமல் தலையில தண்ணி படவிடமாட்டார்.”

வியாழன் பின்னேரம் முற்றத்தில் நிஸா போட்ட இரண்டு நீளக் கயிறு கிடந்தது. நுனியில் கட்டிலில் இருந்து கழற்றிய நுளம்புவலை. அதற்குள் பாரத்துக்கு ஈரப் படுக்கைவிரிப்புகள், கூடவே சந்தையில் வாங்கிய பத்துச் சூடை மீன்.

கயிற்றைக் கண்டதும் பாக்கியரத்தினத்தின் முதுகு நிமிர்ந்தது.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இழுங்கோ!”

இல்லத்தில் இருந்த எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்தார்கள். அவர்களில் கனகரத்தினம் மட்டும் இழுக்காமல் சும்மா நின்றார்.

“டேய், கயிறு உனக்கு ஊஞ்சலோ?”

“நான் தபாலதிபர்!”

“அப்ப தந்தி வந்த மாதிரி இழு!”

சத்தம் கேட்டு வெளியே வந்த தனஞ்சயன் கையிலும் கயிறு திணிக்கப்பட்டது. வலை கரையேறியது. சம்மாட்டியார் குனிந்து எண்ணினார்.

“பத்துச் சூடைக்கு ஒம்பது பேரோ? விளங்கினாப்போலதான்.”

“வலை வந்திட்டுது சம்மாட்டியார். குளிப்பமா?” என்றாள் நிஸா.

“ஓம் பிள்ளை. முதல்ல இழுத்த ஆக்கள் குளிக்கட்டும். சம்மாட்டி கடைசி. அந்தச் சப்பாத்துக்காரனில இருந்து தொடங்கு.”

தனஞ்சயன் பின்வாங்கினார். “நிஸா, எனக்கு நாலு மணிக்குக் கூட்டம்.”

“வெள்ளிக்கிழமை எண்டு நீங்கதான சொன்னீங்க சேர்? சப்பாத்தைக் கழட்டுங்க.”

முதல் வாளி அவர் தலையில் விழுந்தது. மற்ற எட்டுப் பேருக்கும் சம்மாட்டியார் திருப்திப்படும் அளவுக்கு ஒவ்வொரு கை தண்ணீர். பிறகு அவர் சாறனை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிணற்றடிக் கல்லில் குந்தி, தலையைத் தானாகவே நீட்டினார்.

அன்று மாலை நிஸா படிவத்தைத் திருத்தினாள்: ‘குளிப்பு: பின்னேரம், வலை வந்த பிறகு. பொறுப்பாளர் முதலில்.’

தனஞ்சயன் கையெழுத்துப் போட்டார். தலை இன்னும் காயவில்லை.