ரிப்பன் கட்டிய குழாய்

போன மாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குடிநீருக்குக் காசு சேர்க்க வாவிக்கரையில் வெயிலில் ஓடினோமே? அந்தக் காசில் வாங்கிய சுத்திகரிப்பு இயந்திரத்தை இன்று பார்த்தேன்.

பளபளவென்று நிற்கிறது. குழாயில் சிவப்பு ரிப்பன். பிள்ளைகள் பக்கத்துக் கிணற்றில் அதே உவர்த் தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

"ஏன் மகள், இதுல குடிக்கல்லையா?"

"இன்னும் திறப்பு விழா நடக்கல்ல மிஸ். தொடக்கூடாதாம்."

ஓட்டத்தை ஒழுங்குசெய்த நண்பன் சுதனுக்கு உடனே அழைத்தேன். ஓடி முடித்ததும் பிள்ளைகளை நினைத்து மைக்கில் அழுதவன். அந்தக் கண்ணீரை நான் நம்பியிருந்தேன்.

"பிரதம அதிதிக்கு நேரம் கிடைக்கல்லகா. அவர் வந்து வெட்டட்டும், மறுகா குடிக்கலாம்தானே."

நாளைக் காலை கத்தரிக்கோலோடு போகிறேன். பிரதம அதிதியாக யார் வாறீங்க?